நாலு சுவருக்குள் – 9: கோபம் ஆறும் நேரம்

சென்ற வாரம் லண்டன் சிஸ்விக்கில் எரின் பிட்ஸி 1971-ல் திறந்த வீட்டைப் பார்த்தோம். அடிபட்டு, கையில் குழந்தையோடு வந்து நிற்கும் பெண்ணைத் திருப்பி அனுப்பாத வீடு. அதைப் பார்த்து நாட்டின் பல ஊர்களில் அதே மாதிரி அடைக்கல வீடுகள் முளைத்தன. விஷயம் நாடாளுமன்றம் வரைக்கும் போனது. ஜோ ரிச்சர்ட்சன் என்ற பெண் உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1976-ல் சட்டமானது. அடிக்கிற கணவனுக்கு எதிராக நீதிமன்றம் தடையாணை போடலாம். தேவைப்பட்டால் அவனை வீட்டைவிட்டு வெளியேற்றலாம். ஆணையை மீறினால் கைது செய்யும் அதிகாரத்தையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம்.

சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருந்தது.

அந்தச் சட்டம் வந்த பத்தாண்டுக்குள் ஒரு பெண் ஒரு தடவை தடையாணை வாங்கினார். பிறகு இன்னொரு தடவையும் வாங்கினார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டே அதே வீட்டில் அடி வாங்கினார். கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அவர்தான்.

அவர் பெயர் கிரண்ஜித் அலுவாலியா.

* * *

பஞ்சாபில் பிறந்தவர். கலைப் பட்டம் முடித்துச் சட்டம் படிக்கத் தொடங்கியிருந்தார். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தது. கனடாவில் அண்ணன் குடும்பம் இருந்தது. அங்கே போன இடத்தில் இங்கிலாந்து மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்தார்கள். 1979-ல் கனடாவிலேயே திருமணம். மாப்பிள்ளை பெயர் தீபக். தம்பதி இங்கிலாந்துக்கு வந்தார்கள். இரண்டு பேருக்கும் வேலை இருந்தது. 1984-ல் ஒரு மகன், 1986-ல் இன்னொரு மகன். பிறகு லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய க்ராலி என்ற ஊரில் சொந்த வீடு. ஊருக்குக் கடிதம் போட்டால் எழுதுவதற்கு நல்ல செய்திகள்தான்.

அடி ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டது. 1981 அக்டோபரில் தொலைபேசியால் தலையில் மூன்று நான்கு முறை அடித்ததாக மருத்துவர் குறிப்பில் இருக்கிறது. 1983-ல் கர்ப்பமாக இருந்தபோது தள்ளிவிட்டதில் கையில் காயம். அந்த ஆண்டுதான் முதல் தடையாணை. 1986-ல் கழுத்தைப் பிடித்துக் கத்தியைக் காட்டினார். இரண்டாவது தடையாணை வந்தது. ஆணைகள் வந்தனவே தவிர, அடி நிற்கவில்லை. இடையே இரண்டு முறை உயிரை விட்டுவிடவும் முயன்றிருக்கிறார் கிரண்ஜித்.

ஏன் வெளியேறவில்லை? இந்தத் தொடரைப் படிக்கிற பலரும் கேட்கும் கேள்வி இது. பிறந்த வீட்டுக்குச் சொல்லியிருக்கிறார். பொறுத்துப் போகச் சொன்னார்கள். குடும்ப மானம் அவர் தலையில்தான் இருந்தது. இதற்கு நம் ஊரில் பெரிய விளக்கம் தேவையில்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்ற கேள்விக்கு விசா தேவையில்லை. அது ஜலந்தரிலிருந்து க்ராலிக்கும் போகும், காரைக்குடியிலிருந்து கலிபோர்னியாவுக்கும் போகும்.

1989 தொடக்கத்தில் தீபக்குக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு ஏற்பட்டது. ஏப்ரலில் மூன்று நாள் வீட்டுக்கே வரவில்லை. கிரண்ஜித் ஒரு கடிதம் எழுதினார். பின்னால் நீதிமன்றத் தீர்ப்பிலேயே அது இடம்பெற்றது. நீங்கள் திரும்பி வந்தால் கறுப்புக் காப்பி குடிக்க மாட்டேன், பச்சை மிளகாய் சாப்பிட மாட்டேன், வாராவாரம் கடைத்தெருவுக்குப் போக மாட்டேன், சிநேகிதிகளை விட்டுவிடுகிறேன், தலைக்குச் சாயம் போட மாட்டேன், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் சிரிக்கவும் மாட்டேன் என்று போகிறது அந்தக் கடிதம்.

அந்தப் பட்டியலைத் திருப்பிப் படித்தால் அதுவரை அந்த வீட்டில் எதற்கெல்லாம் சண்டை வந்திருக்கும் என்று தெரிந்துவிடுகிறது. பத்தாண்டு மருத்துவக் குறிப்புகளைவிட அந்த ஒரு கடிதம் போதும் என்பேன்.

* * *

1989 மே 8, திங்கட்கிழமை.

தீபக் இரவு பத்தேகால் மணி வாக்கில் வீட்டுக்கு வந்தார். கிரண்ஜித் பேச்சை எடுத்தார். எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம் என்றார். பேசுவதற்கு ஒன்றுமில்லை, உறவு முடிந்தது என்று பதில் வந்தது. தொலைபேசிக் கட்டணத்துக்கு 200 பவுண்டு வேண்டும், கொடுக்காவிட்டால் காலையில் அடி விழும் என்றார் தீபக். துணி தேய்த்துக்கொண்டிருந்தவர், தன்னைத் தொந்தரவு செய்தால் சூடான இஸ்திரிப் பெட்டியை முகத்தில் வைத்துவிடுவதாக மிரட்டினார்.

நள்ளிரவில் கிரண்ஜித் படுக்கப் போனார். தூக்கம் வரவில்லை.

அந்த மாதத் தொடக்கத்திலேயே பெட்ரோலும் காஸ்டிக் சோடாவும் வாங்கி வைத்திருந்தார். இதை இங்கே மறைக்காமல் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வழக்கு முழுவதும் இதைச் சுற்றித்தான் நடந்தது. இரவு இரண்டரை மணிக்கு எழுந்தார். கீழே போனார். வாளியில் பெட்ரோலை ஊற்றினார். அடுப்பில் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்தார். மேலே ஏறினார். கணவர் தூங்கிக்கொண்டிருந்த அறையில் பெட்ரோலை வீசி, தீயையும் எறிந்தார். பிறகு போய் மகனுக்கு உடை மாற்றிவிட்டார்.

தீபக் உடலெங்கும் தீயோடு குளியல் தொட்டிக்கு ஓடினார். பிறகு அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தபோது வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. கீழ்த்தளச் சன்னலில் கிரண்ஜித் மகனை இறுக அணைத்தபடி நின்றிருந்தார். பார்வை எங்கேயோ இருந்தது. வெளியே வாருங்கள் என்று கத்தினார்கள். சன்னலைத் திறந்தார். கணவருக்காகக் காத்திருக்கிறேன் என்றார். சன்னலை மூடிக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து, மே 15 அன்று, தீபக் மருத்துவமனையில் இறந்தார்.

* * *

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் அன்றும் சரி, இன்றும் சரி, கொலை என்று ஜூரி தீர்மானித்துவிட்டால் ஆயுள் தண்டனை ஒன்றுதான். நீதிபதிக்கு இரக்கம் இருந்தாலும் அதைக் காட்ட வழியில்லை. அதே செயல் 'கொலையாகாத மரணக் குற்றம்' என்று முடிந்தால் நீதிபதியின் கை கட்டப்படவில்லை. ஆயுளும் கொடுக்கலாம், அன்றே வீட்டுக்கும் அனுப்பலாம். ஆகவே இப்படிப்பட்ட வழக்குகளில் போராட்டம் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்குவதற்குத்தான்.

இறங்க இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் 1957-ஆம் ஆண்டுக் கொலைக் குற்றச் சட்டத்தில் இருந்தவை. ஒன்று, மனநிலை பாதிப்பால் பொறுப்புக் குறைந்திருந்தது என்று காட்டுவது. இன்னொன்று, ஆத்திரமூட்டப்பட்டுக் கட்டுப்பாட்டை இழந்ததாகக் காட்டுவது.

இரண்டாவது வழிக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அது 1949-ல் நீதிபதி டெவ்லின் ஜூரிக்குச் சொன்ன விளக்கத்திலிருந்து வந்தது. கட்டுப்பாடு 'திடீரென்று, தற்காலிகமாக' போயிருக்க வேண்டும். இடையில் நேரம் போனால் அறிவு திரும்பி வந்திருக்கும், கோபம் ஆறியிருக்கும். ஆறிய பிறகு செய்தால் அது பழிவாங்கல், பழிவாங்கலுக்குச் சலுகை கிடையாது. நீண்ட காலக் கொடுமை என்பது ஒரு திடீர்ச் செயலைவிட மோசமானதாகக்கூட இருக்கலாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஆத்திரமூட்டல் ஆகாது என்றும் டெவ்லின் சேர்த்துச் சொன்னார்.

யாருடைய வழக்கில் இதைச் சொன்னார் தெரியுமா? ரெனீ டஃபி என்ற பெண்ணின் வழக்கில். கணவனிடம் தொடர்ந்து கொடுமை அனுபவித்தவர். அன்று குழந்தையை வைத்துச் சண்டை. அறையைவிட்டு வெளியே போய், உடை மாற்றிக்கொண்டு, கணவன் படுத்த பிறகு கைக்கோடரியும் சுத்தியலுமாகத் திரும்பி வந்தார்.

மதுக்கடைச் சண்டையில் ஒருவன் இன்னொருவனைக் குத்திவிட்டால் பொருந்துகிற அளவுகோல் இது. தன்னைவிட உடல் வலு கூடியவன் விழித்திருக்கும்போது திருப்பி அடித்தால் என்ன ஆகும் என்று பத்தாண்டு அனுபவத்தில் தெரிந்துவைத்திருக்கிற ஒருத்தி, அவன் கண் மூடும் வரை காத்திருப்பாள் என்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை. இத்தனைக்கும் அந்த அளவுகோலை வகுத்ததே அப்படிக் காத்திருந்த ஒரு பெண்ணின் வழக்கில். அடுத்த நாற்பது ஆண்டு வந்த பெண்கள் எல்லாரையும் அதே கோலால்தான் அளந்தார்கள்.

* * *

1989 டிசம்பர். சசெக்ஸ் மாவட்டத்தின் லூயிஸ் நகர நீதிமன்றம்.

கிரண்ஜித் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை. அவர் தரப்பில் மருத்துவர் யாரையும் அழைக்கவில்லை. கொல்லும் நோக்கம் இல்லை, கடுமையாகக் காயப்படுத்தும் நோக்கமும் இல்லை என்பதே முதன்மையான வாதம். ஆத்திரமூட்டல் இரண்டாவது வரிசையில்தான் வந்தது. பத்தாண்டு அடியை மறுப்பார் இல்லை. ஆனால் அது கதைக்குப் பின்னணியாக நின்றதே தவிர, வழக்குக்கு மையமாக வரவில்லை.

அரசுத் தரப்பு கணவனின் வெளித் தொடர்பைப் பிடித்துக்கொண்டது. பொறாமையால் செய்த கொலை என்றது. சிறையிலிருந்து அவர் மாமியாருக்கு எழுதிய கடிதம் ஒன்றையும் காட்டியது. தீபக் அவ்வளவு பாவம் செய்தார், அந்தப் பாவத்தைக் கழுவத்தான் அக்கினி ஸ்நானம் கொடுத்தேன் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார். மனம் எந்த நிலையில் இருந்தால் ஒரு மருமகள் மாமியாருக்கு இப்படி எழுதுவாள் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒப்புதல் வாக்குமூலம் போல் அது படிக்கப்பட்டது.

நீதிபதி லெனார்ட் வழக்கைத் தொகுத்துச் சொன்னபோது, நியாயமான மனிதர் ஒருவர் இந்த நிலையில் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்று யோசிக்கும்படி ஜூரியிடம் சொன்னார். இவரிடம் கவனிக்க வேண்டிய குணாம்சங்கள் என்று எவற்றைச் சொன்னார்? ஆசியப் பெண், ஆசியரை மணந்தவர், இந்த நாட்டில் வாழ்கிறவர், படித்தவர், பட்டம் பெற்றவர். அவ்வளவுதான். பத்தாண்டு அடி ஒரு மனுஷியை என்னவாக மாற்றும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்களே சாட்சியம் தரவில்லையே, நீதிபதி எங்கிருந்து எடுப்பார்?

டிசம்பர் 7 அன்று தீர்ப்பு வந்தது. கொலைக் குற்றம். ஆயுள் தண்டனை.

நள்ளிரவுக்கும் இரண்டரை மணிக்கும் இடையே கோபம் ஆறியிருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. நேரம் ஆக ஆக அது ஆறாமல் கொதித்துக்கொண்டே போயிருக்கலாம் என்ற எண்ணம் அந்த மன்றத்தில் யாருக்கும் எழவில்லை.

* * *

ஒரு சின்ன விலகல். அதே 1989-ல், லூயிஸ் நகரத்திலிருந்து வெகுதூரத்தில், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுயம்புக்கனி வழக்கு என்று சட்டம் படிப்பவர்களுக்குத் தெரியும். வாழ்க்கை தாங்க முடியாமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்த தாய், குழந்தைகள் இறந்து தான் பிழைத்துக் கொலைக் குற்றத்துக்கு ஆளான வழக்கு. அன்று நடப்பில் இருந்த நம் தண்டனைச் சட்டமும் வெள்ளைக்காரன் எழுதியதுதான். அதிலும் 'கடுமையான, திடீர்' ஆத்திரமூட்டலுக்குத்தான் சலுகை. ஆனால் சென்னையில் இருந்த நீதிபதிகளுக்கு நல்லதங்காள் கதை தெரிந்திருந்தது. நாள் கணக்கில், ஆண்டுக் கணக்கில் தொடரும் ஆத்திரமூட்டலும் கணக்கில் வர வேண்டும் என்றார்கள். 'நல்லதங்காள் நோய்க்குறி' என்றே தீர்ப்பில் பெயரிட்டார்கள்.

இரண்டு வழக்கும் ஒன்றல்ல. அங்கே இறந்தவர் கணவர், இங்கே குழந்தைகள். ஆனாலும் துயரம் ஒரு நொடியில் வெடிக்காமல் நாளாக நாளாகச் சேரும் என்பது ஒப்பாரியும் கதைப்பாடலும் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. லண்டனில் அதைச் சொல்ல மூன்று ஆண்டு தெருவில் நிற்க வேண்டியிருந்தது.

* * *

தெருவில் நின்றவர்கள் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்.

சவுத்ஹால் லண்டனின் மேற்கே இருக்கிறது. கடைப் பெயர்ப் பலகைகளில் பஞ்சாபி எழுத்தைப் பார்க்கலாம். 1979 ஏப்ரலில் அங்கே இனவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரண்ட் கூட்டம் நடத்த வந்தபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மோதலில் பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டில்தான் ஆசியப் பெண்களும் ஆப்பிரிக்க-கரீபியப் பெண்களும் சேர்ந்து இந்த அமைப்பைத் தொடங்கினார்கள். வெளியே இனவெறி, வீட்டுக்குள் கணவன் என்று இரண்டு பக்கமும் அடிபடுகிறவர்களின் அமைப்பு.

இரண்டு பக்கமும் அவர்களுக்கு எதிரிகள் இருந்தார்கள். சமூகப் பெரியவர்கள், நம் வீட்டு விஷயத்தை வெள்ளைக்காரன் முன்னால் கொண்டுபோகிறீர்களே என்றார்கள். இனவெறியை எதிர்த்த தோழர்களே, இப்போது இதைப் பேசினால் எதிரிக்கு வசதியாகிவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். போலீசோ, உங்கள் கலாசாரத்தில் நாங்கள் தலையிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. பெண்ணை அடிப்பதைக் கலாசாரம் என்று ஒப்புக்கொள்வதில் இந்த மூன்று தரப்புக்கும் இருந்த ஒற்றுமையை வேறெந்த விஷயத்திலும் பார்த்ததில்லை.

1984-ல் சவுத்ஹாலில் ஒரு பெண் வீட்டில் தூக்கில் தொங்கி இறந்து கிடந்தார். கணவன் கொடுமை தெரிந்த விஷயம். அமைப்பின் பெண்கள் நேராக அந்த வீட்டு வாசலுக்குப் போய் நின்று கோஷம் போட்டார்கள். இது அவர்கள் இந்தியாவிலிருந்து கற்றுக்கொண்ட முறை. வரதட்சணைச் சாவு நடந்த வீட்டின் முன்னால் தில்லிப் பெண்கள் அப்படித்தான் கூடி நின்றார்கள். குற்றம் செய்தவன் வெட்கப்படட்டும், இறந்தவளின் குடும்பம் ஏன் தலைகுனிய வேண்டும் என்பது அதன் நியாயம்.

அந்த அமைப்பை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பிரக்னா பட்டேல். கிரண்ஜித்தின் வழக்கு அவர்களிடம் வந்தது. சிறையில் போய்ப் பார்த்தார்கள். பேச வைத்தார்கள். லூயிஸ் நீதிமன்றத்தில் யாரும் கேட்காத பத்தாண்டுக் கதையை வரிசையாக எழுதி வாங்கினார்கள். வழக்கறிஞர் ரோஹித் சாங்வி மேல்முறையீட்டுக்கான வேலையை எடுத்துக்கொண்டார். வெளியே கூட்டங்கள், கையெழுத்து இயக்கம், ஊர்வலம். கணவனின் சிறையிலிருந்து வெளியே வந்து சட்டத்தின் சிறைக்குள் நுழைந்திருக்கிறேன் என்று கிரண்ஜித் உள்ளிருந்து சொல்லி அனுப்பியது பத்திரிகைகளில் பரவியது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் யாரும் கொலையைக் கொண்டாடவில்லை. ஒருவர் துடிதுடித்து இறந்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள் அப்பாவை இழந்திருக்கிறார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இந்தப் பெண்ணின் கோபத்தை எந்தக் கடிகாரத்தை வைத்து அளந்தீர்கள்?

* * *

1991 ஜூலை கடைசி வாரம் அந்தக் கேள்விக்கு நாட்டின் காது திறந்தது. அதற்குக் காரணம் வேறொரு பெண்.

சாரா தார்ன்டன். வார்விக்‌ஷயர் மாவட்டத்துக்காரர். கணவர் முன்னாள் போலீஸ்காரர், குடிநோயாளி, அடிப்பவர். 1989 ஜூன் மாதம் ஓர் இரவு சண்டை. கணவர் போதையில் சோபாவில் படுத்திருந்தார். சாரா சமையலறைக்குப் போனார், கத்தியை எடுத்துத் தீட்டினார், திரும்பி வந்து குத்தினார். ஆயுள் தண்டனை. கிரண்ஜித்துக்கு இடைவெளி மணிக்கணக்கில் இருந்தது. சாராவுக்குச் சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடமும் அதிகம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாரம் அவர் மனுவைத் தள்ளிவிட்டது.

இரண்டே நாள் கழித்து பர்மிங்ஹாமில் இன்னொரு வழக்கு. குடித்துக் கிடந்த மனைவியை உதைத்தே கொன்ற ஒருவர். அது கொலையாகாத மரணக் குற்றம் என்று முடிந்தது. இரண்டு ஆண்டுத் தண்டனை, அதையும் நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்மணி ஒரு மகானின் பொறுமையைக்கூடச் சோதித்திருப்பார் என்று நீதிபதி அனுதாபப்பட்டார்.

இரண்டு செய்தியும் ஒரே வாரத்துப் பத்திரிகைகளில் வந்தன. சாரா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். 'ஜஸ்டிஸ் ஃபார் விமன்' என்ற அமைப்பின் பெண்கள் சாலைக்கு வந்தார்கள். இனி இது சவுத்ஹால் விவகாரம் என்று ஒதுக்க முடியாது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கும் பஞ்சாபிப் பெண்ணுக்கும் ஒரே சட்டம் ஒரே அநியாயத்தைச் செய்கிறது என்று தெரிந்துபோயிற்று. கிரண்ஜித்தின் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது நீதிமன்ற வாசலில் இரண்டு கூட்டமும் ஒன்றாக நின்றது.

* * *

1992 ஜூலை. தலைமை நீதிபதி டெய்லர் பிரபு அந்த ஆண்டுதான் பதவிக்கு வந்திருந்தார். கிரண்ஜித்துக்காக ஜெஃப்ரி ராபர்ட்சன் வாதாடினார். மூன்று வாதங்கள்.

முதல் வாதம் நேராக டஃபி வழக்கின் மேல் கை வைத்தது. அடிபட்ட பெண்ணின் கோபம் திடீரென்று வெடிக்காது, மெல்லக் கனன்று பிறகுதான் எரியும், 'திடீர்' என்ற நிபந்தனையே தவறு என்றார். நீதிமன்றம் மறுத்தது. நாற்பது ஆண்டாக நிலைத்த சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. ஆனாலும் ஒரு சின்ன இடம் கொடுத்தது. தாமதம் ஆனது என்ற ஒரே காரணத்தால் வாதம் விழுந்துவிடாது, செயலைச் செய்த கணத்தில் கட்டுப்பாடு திடீரென்று போயிருந்தால் போதும் என்றது. அதே மூச்சில், தாமதம் கூடக்கூட அரசுத் தரப்பின் கை ஓங்கும் என்றும் சொல்லி வைத்தது.

இரண்டாவது, தொடர் அடியால் அவர் மனம் மாறிப்போயிருந்ததை ஜூரி கணக்கில் எடுத்திருக்க வேண்டும் என்பது. அதற்கான மருத்துவச் சாட்சியம் விசாரணையில் வரவே இல்லையே என்றது நீதிமன்றம். அந்த வாதமும் போயிற்று.

மிச்சம் மூன்றாவது.

இங்கேதான் வழக்கு திரும்பியது. அதற்குக் காரணம் பெரிய வாதத் திறமை எதுவும் இல்லை, ஒரு பழைய காகிதம். 1989 விசாரணைக்கு முன்பே தயாரான மருத்துவ அறிக்கை ஒன்று. சம்பவம் நடந்த காலத்தில் கிரண்ஜித் கடுமையான மனச்சோர்வு நோயால் பாதிக்கப்பட்டிருந்தார் என்று அது சொன்னது. பொறுப்புக் குறைவு என்ற வாதத்துக்கு அதுவே தொடக்கம். அன்றைய வழக்கில் யாரும் அதைத் தொடர்ந்து விசாரிக்கவில்லை. அப்படி ஒரு வழி இருந்ததைப் பற்றித் தன்னிடம் கேட்கவே இல்லை என்றார் கிரண்ஜித்.

இருக்கிற வாதங்களை எல்லாம் முதல் விசாரணையிலேயே வைத்துவிட வேண்டும், தோற்ற பிறகு புதிதாக ஒன்றை எடுத்துவர முடியாது என்பது பொது விதி. அதை டெய்லர் நினைவூட்டினார். ஆனால் இந்த வழக்கு விதிவிலக்கு என்றார். வாதாடத் தகுந்த ஒன்று விளக்கமில்லாத காரணத்தால் முன்வைக்கப்படாமலே போயிருக்கிறது என்றார். கொலைத் தீர்ப்பு ரத்து. மறு விசாரணைக்கு உத்தரவு.

ஒரு காகிதத்தை உரிய நேரத்தில் எடுத்துப் பேசியிருந்தால் போயிருக்கும் வழக்கு. அதற்கு ஒரு பெண் கொடுத்த விலை, பிள்ளைகளைப் பிரிந்து ஆயுள் கைதியாக இருந்த ஆண்டுகள். கோட்டைவிட்டது யார் என்று நீதிமன்றம் தோண்டவில்லை. நாமும் அந்த வழக்கறிஞர்களின் பெயரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அடிபட்டவளின் மனம் முக்கியமான சாட்சியம் என்ற எண்ணமே அன்று யாரிடமும் இல்லை என்பதுதான் உண்மை.

* * *

1992 செப்டம்பர் 25. லண்டன், ஓல்டு பெய்லி.

நடந்தது விசாரணை என்று சொல்ல முடியாது. புது மருத்துவ அறிக்கைகளை அரசுத் தரப்பு படித்துவிட்டது. பொறுப்புக் குறைவால் நேர்ந்த கொலையாகாத மரணக் குற்றம் என்று கிரண்ஜித் ஒப்புக்கொண்டார். அரசு அதை ஏற்றது. நீதிபதி ஹோப்ஹவுஸ் கொடுத்த தண்டனை மூன்று ஆண்டு நான்கு மாதம். அதை அவர் ஏற்கெனவே உள்ளே கழித்திருந்தார்.

அன்றே வெளியே வந்தார். வாசலில் பெண்கள் கூட்டம் ஆர்ப்பரித்தது. மூத்த மகனுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஆறு.

நாடெங்கும் இதை வெற்றி என்றார்கள். ஒரு மனுஷி வீட்டுக்குப் போனாள் என்ற வகையில் வெற்றிதான். ஆனால் தீர்ப்பை உற்றுப் படித்தால் கை தட்டத் தோன்றாது. பத்தாண்டு அடி வாங்கியவளின் கோபம் புரிந்துகொள்ளக்கூடியது என்று சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் நோயாளி, ஆகையால் மன்னிக்கிறோம் என்றுதான் சொன்னது. மனைவியை உதைத்துக் கொன்ற பர்மிங்ஹாம் மனிதரின் கோபத்தைச் சட்டம் சாதாரண மனிதனின் கோபமாகப் புரிந்துகொண்டது. இவருடைய கோபத்துக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டது. டஃபி வழக்கின் 'திடீர்' நிபந்தனை அசையாமல் அங்கேயே இருந்தது. சவுத்ஹால் பெண்கள் அன்று கொண்டாடினாலும், மறுநாளே அலுவலகத்துக்குத் திரும்பியதற்குக் காரணம் இதுதான்.

ஏனென்றால் சாரா தார்ன்டன் இன்னும் சிறைக்குள்தான் இருந்தார்.

கிரண்ஜித் வெளியே வந்த வழி சாராவுக்கு ஏற்கெனவே அடைபட்டிருந்தது. 1990-ல் நடந்த அவருடைய விசாரணையில் முதன்மையாக வைத்த வாதமே பொறுப்புக் குறைவுதான். ஜூரி அதைக் கேட்டது, நம்பவில்லை. மிச்சம் இருந்த ஆத்திரமூட்டல் வாதத்தை 1991 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமே தள்ளிவிட்டது. சட்டத்தை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு அவசரம் எதுவும் இல்லை.

நோய் என்ற வாதமும் தோற்று, கோபம் என்ற வாதமும் தோற்ற ஒரு பெண்ணின் வழக்கை, ஒருமுறை 'இல்லை' என்று சொன்ன அதே நீதிமன்றத்தின் முன் மறுபடி எப்படிக் கொண்டுபோய் நிறுத்துவது?

(தொடரும்)